நம்பர் வராது சார்!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கையூர் முத்தமிழ் நகரில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நண்பருக்குத் தெரிந்தவர்கள். மகன் துபாய்க்கு வேலைக்குப் போகிறான். ஏஜென்ட் கொடுத்த காகிதங்களைக் கொஞ்சம் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். பத்திரிகைக்காரனுக்கு எல்லாக் காகிதமும் புரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

முன் அறைச் சுவரில் மூன்று படங்கள். ஒன்றில் முருகன். ஒன்றில் தாத்தா. மூன்றாவதில், கண்ணாடி போட்டு, ஒரு சான்றிதழ். மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீரியல் விளக்கு.

“சேஃப்டி கோர்ஸ் சார்” என்றான் பையன். 24 வயது. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் சில வாரம் படித்து வாங்கியது. கூடவே நெபோஷ் என்கிற பிரிட்டிஷ் தேர்வையும் எழுதி பாஸ் பண்ணிவிட்டான். இரண்டுக்கும் சேர்த்து அம்மாவின் ஒன்றரைப் பவுன் செயின் அடகுக்கடையில் இருக்கிறது.

“இது எத்தனை வருஷத்துக்குச் செல்லும் தம்பி?”

“லைஃப் டைம் சார்.”

அப்பா மணலி பக்கம் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் தொழிலாளி. இருபது வருஷமாக அதே வேலை. “அப்பா கம்பெனியில சேஃப்டி ஆபீஸர் யாராவது இருக்காங்களா?” என்று கேட்டேன்.

“அங்க நாற்பது பேர்தான் சார். நம்பர் வராது.”

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: “இவன் துபாய்க்குப் போயி எல்லாரையும் காப்பாத்தப் போறானாம். அவங்கப்பா இன்னும் ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போறாரு. அதையும் கொஞ்சம் எழுதுங்க சார்.”

எழுதுகிறேன் அம்மா.

*

முதலில் இந்தச் சான்றிதழ் என்ன என்று பார்த்துவிடலாம்.

தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர் என்ற நாற்காலியில் உட்கார நம் ஊர் விதிகள் கேட்பது லேசான தகுதி அல்ல. மாதிரி விதிகளின்படி பொறியியல் பட்டம், கூடவே மேற்பார்வை நிலையில் இரண்டு வருட அனுபவம். டிப்ளமோ என்றால் ஐந்து வருட அனுபவம். அதற்கு மேல், தொழிலகப் பாதுகாப்பில் அரசு ஏற்றுக்கொண்ட ஒரு பட்டமோ டிப்ளமோவோ வேண்டும். சென்னை தரமணியில், சர்தார் படேல் சாலையில், மத்திய அரசின் மண்டல தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. அங்கே தரும் ஒரு வருட டிப்ளமோவுக்கு இந்தத் துறையில் நல்ல மரியாதை. அதைப் படித்துவிட்டு உண்மையாக வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இந்தக் கட்டுரை இல்லை.

மூலக்கடை மேம்பாலத் தூண்களில் ஒட்டியிருக்கும் போஸ்டர் வேறு சமாசாரம். ‘பத்தாவது பாஸா, ஃபெயிலா? கவலை வேண்டாம். ஃபயர் அண்ட் சேஃப்டி. நூறு சதவிகிதம் வேலை.’ அனுபவம் பற்றிப் பேச்சே இல்லை. இது பாதுகாப்புப் படிப்பா, பாஸ்போர்ட் அலுவலகத்தின் கிளையா என்று சந்தேகம் வரும். வளைகுடாவுக்குப் போகிறவனுக்கு நெபோஷ் நிஜமாகவே கதவைத் திறக்கிறது, அதில் தப்பில்லை. 1979-ல் பிரிட்டனில் தொடங்கிய தேர்வு வாரியம் அது. அதன் பாடத்திட்டமும் நல்ல பாடத்திட்டம்தான்.

அந்தப் பையனிடம் கேட்டேன். “என்ன சொல்லிக் கொடுத்தாங்க?”

கடகடவென்று ஒப்பித்தான். ஆபத்தை முதலில் அகற்றப் பார். முடியாவிட்டால் ஆபத்து குறைந்த வேறொன்றை வை. அதுவும் முடியாவிட்டால் தடுப்பு போடு. அப்புறம் வேலை செய்யும் முறையை மாற்று. இத்தனையும் செய்த பிறகு, கடைசியாகத்தான் ஹெல்மெட், கையுறை, ஷூ.

கேட்கவே அருமையாக இருந்தது. நம் ஊரில் இந்தப் பட்டியலை அப்படியே தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். எடுத்த எடுப்பில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துவிட்டு, பாதுகாப்பு முடிந்தது என்று கையெழுத்துப் போடுகிறோம். சான்றிதழ் விஷயத்திலும் அதே கதைதான். ஆபத்து அப்படியே இருக்கிறது. அதன் தலையில் ஒரு சான்றிதழைக் கவிழ்த்துவிட்டோம்.

*

இப்போது அந்தப் பையன் சொன்ன நம்பருக்கு வருகிறேன்.

1948-ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் என்ற ஆளே கிடையாது. 1976-ல் திருத்தம் கொண்டு வந்து 40-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்தால் அலுவலர் கட்டாயம். ஆபத்தான தொழில் என்று மாநில அரசு கருதினால் அதற்குக் குறைவாக இருந்தாலும் உத்தரவிடலாம். 2020-ல் புதிய தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ம் தேதி அமலுக்கு வந்தது. அதில் ஆயிரம் என்பது ஐந்நூறு ஆனது. அபாயகரமான தொழிற்சாலை என்றால் 250. கட்டுமானத்துக்கும் 250. நல்ல மாற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே சட்டம் இன்னொரு கையால் ஒன்றை எடுத்துக்கொண்டது. முன்பு மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்து பேர் இருந்தாலே அது தொழிற்சாலை. இப்போது இருபது பேர் வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் இருபது பேர் என்று இருந்தது, நாற்பது ஆகிவிட்டது.

கொடுங்கையூரில் இறங்கி ஒரு தெரு நடந்து பாருங்கள். லேத் பட்டறை, பெயின்ட் அடிக்கும் கொட்டகை, பழைய பேரல் கழுவும் இடம், பிளாஸ்டிக் உருக்கும் இடம், வெல்டிங், பலகாரம் பொரிக்கும் அடுப்பு. எங்கே தேடினாலும் ஒரு கூரைக்குக் கீழே 250 பேர் கிடைக்க மாட்டார்கள். குப்பைக் கிடங்கில் கையாலேயே பொறுக்கிப் பிழைக்கிறவர்களை எந்தப் பதிவேட்டில் எண்ணுவது?

2017 ஜூலை 15-ம் தேதி, சனிக்கிழமை இரவு. இதே கொடுங்கையூரில் பூட்டியிருந்த ஒரு பேக்கரியில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். ஷட்டரைத் திறந்து அணைக்க முயன்றபோது உள்ளே இருந்த கேஸ் சிலிண்டர் வெடித்தது. ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். பக்கத்தில் நின்றிருந்த ஜனங்கள், காவலர்கள் என்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தீக்காயம். அவர்களில் சிலர் பின்னர் மருத்துவமனையில் இறந்து போனார்கள்.

அந்தக் கடையில் எத்தனை பேர் வேலை செய்திருப்பார்கள்? நம்பர் வராது சார். சிலிண்டருக்குத்தான் எண்ணத் தெரியாதே!

ஆட்களை எண்ணாமல் ஆபத்தை எண்ணும் சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. வடசென்னையில் பழைய ஆட்களைக் கேட்டால் பாய்லர் சர்டிஃபிகேட் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில், 1923-ல் போட்ட பாய்லர் சட்டம். 2025-ல் புதிய சட்டமாக மாற்றினார்கள். அதன் விதிகளின்படி, பாய்லரைக் கவனிக்கிறவர் தேர்வு எழுதி, திறமைச் சான்று வாங்கியவராக இருக்க வேண்டும். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று உண்டு. கம்பெனியில் ஆயிரம் பேரா, பத்து பேரா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. பாய்லர் இருக்கிறதா? இருந்தால் சான்று பெற்ற ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

நூறு வருஷத்துக்கு முன்னால் நீராவிக்குப் புரிந்த நியாயம், அமோனியாவுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் உயரத்தில் கட்டும் சாரத்துக்கும் ஏன் புரியக் கூடாது?

*

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் வரவு எந்தப் பக்கம், செலவு எந்தப் பக்கம் என்று கண் தேடும். என்னோடு படித்த இருவர் ஆடிட்டர்கள். அவர்கள் பிழைப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால்தான் இந்தச் சான்றிதழ் விவகாரம் எனக்கு உறுத்துகிறது.

ஒரு ஆடிட்டரின் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். 1949-ல் அதற்கென்றே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பாஸ் பண்ணினால் மட்டும் போதாது. பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். தொழில் செய்ய வேண்டுமானால் தொடர்ந்து படித்தாக வேண்டும். மூன்று வருடத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு காட்ட வேண்டும். தவறு செய்தால் விசாரணை. பெயரை நீக்கும் அதிகாரம் கூட உண்டு. கம்பெனியின் முதலாளிக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக, பதவிக்காலம் முடிவதற்குள் ஆடிட்டரை அனுப்பிவிட முடியாது. 2013-ம் வருடத்துக் கம்பெனிகள் சட்டப்படி பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும்.

இத்தனை இருந்தும் 2009-ல் சத்யம் நடந்தது. அதிலிருந்து கற்றுக்கொண்டு, ஆடிட்டர்களையே கண்காணிக்க 2018-ல் தனியாக ஒரு தேசிய ஆணையம் அமைத்தார்கள். காசு என்றால் நம் தேசம் எவ்வளவு கவனமாக இருக்கிறது பாருங்கள்!

இனி பாதுகாப்பு அலுவலருக்கு வருவோம். டாக்டருக்கு கவுன்சில் உண்டு. வக்கீலுக்கு உண்டு. மருந்துக் கடை ஃபார்மசிஸ்ட்டுக்குக் கூட உண்டு. பாதுகாப்பு அலுவலருக்கென்று சட்டபூர்வமான கவுன்சில் இந்தியாவில் இல்லை. அவர் ஒரு முறை டிப்ளமோ வாங்கிவிட்டால் வாங்கியதுதான். 1995-ல் படித்தவர் அன்றைக்குப் படித்ததை வைத்தே ரிட்டையர் ஆகலாம். அன்றைக்கு லித்தியம் பேட்டரி வண்டி நம் தெருவில் ஓடவில்லை. அந்த பேட்டரி தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும், உடைத்துப் பிரிக்கும் பட்டறையில் எப்படி வைக்க வேண்டும் என்று அவர் பாடத்தில் இருந்திருக்க வாய்ப்பில்லை. சொந்த ஆர்வத்தில் படித்துக்கொண்டால் உண்டு. அப்படிப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் சுவரில் ஒரே காகிதம்தான்.

அமெரிக்காவில் சி.எஸ்.பி. என்று ஒரு சான்று இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை 25 புள்ளி சேர்த்துக் காட்டினால்தான் அது உயிரோடு இருக்கும். உடனே, “சார், அதுவும் ஓட்டலில் கருத்தரங்கு, மத்தியானம் பஃபே சாப்பாடு, கையில் ஒரு பை என்று ஆகிவிடும்” என்பீர்கள். ஆகலாம். என் ஆடிட்டர் நண்பர்களே கருத்தரங்கில் தூங்கியிருக்கிறார்கள். ஆனால் தூங்குவதற்காகவாவது ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஒருவர் அந்த அறைக்கு வரட்டும். பக்கத்து நாற்காலிக்காரர் தன் கம்பெனியில் நடந்த விபத்தைச் சொல்லும்போது, பாதித் தூக்கத்தில் காதில் விழாமலா போகும்?

இதைவிடப் பெரிய சங்கடம் இன்னொன்று இருக்கிறது. மாதிரி விதிகளில் பாதுகாப்பு அலுவலரின் கடமை என்ன என்று எழுதியிருக்கிறது. நிர்வாகத்துக்கு ‘ஆலோசனை கூறி உதவுவது’. பட்டியல் பூராவும் கிட்டத்தட்ட இதே வினைச்சொல்தான். மூத்த அதிகாரி என்ற அந்தஸ்து உண்டு. தலைமை நிர்வாகியிடம் நேரடியாகப் பேசலாம். இதெல்லாம் நல்ல விஷயம். ஆனால் சம்பளம் போடுவது நிர்வாகம், இன்கிரிமென்ட் எழுதுவது நிர்வாகம். கப்பல் நாளைக்கு வருகிறது, இன்று ராத்திரி லோடு போயாக வேண்டும் என்று மேனேஜர் நிற்கும்போது, “வேலையை நிறுத்துங்க” என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்? சொல்லி, நிறுத்தி, விபத்து நடக்காமல் போனால் கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி கிடையாது. லோடு போகாத நஷ்டம் மட்டும் செலவுப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். நடக்காத விபத்தை எந்த ஆடிட்டராலும் வரவில் எழுத முடியாது.

*

கடைசியாக ஒரு தகுதி. இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கட்டுமானத் தொழிலாளர்களுக்கான மத்திய விதிகள் 1998-ல் வந்தன. அதில் பாதுகாப்பு அலுவலருக்குப் பட்டம், அனுபவம், டிப்ளமோ எல்லாம் சொல்லிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த இடத்தில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானோர் பேசும் மொழியில் அவருக்குப் போதுமான அறிவு இருக்க வேண்டும்.

யார் எழுதினாரோ, அந்த அதிகாரிக்கு ஒரு கும்பிடு. சாரத்தின் மேல் நிற்கிறவனுக்குக் கீழே இருந்து ‘இறங்கு’ என்று கத்தினால் அவனுக்குப் புரிய வேண்டும். அவ்வளவு எளிமையான விஷயம்.

2025 செப்டம்பர் 30-ம் தேதி எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானப் பணியில் உயரத்தில் இருந்த இரும்புச் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். வடகிழக்கிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் அஸ்ஸாம்காரர்கள். அந்தச் சாரம் ஏன் சரிந்தது என்பது பொறியாளர்கள் சொல்ல வேண்டியது. அதில் மூக்கை நுழைக்க எனக்குத் தகுதி இல்லை. நான் கேட்பது பொதுவான கேள்வி. இன்று வடசென்னையில் எந்தக் கட்டுமானத்தில் போய் நின்றாலும் காதில் விழுவது இந்தி, ஒடியா, வங்காளம், அஸ்ஸாமி. நம் பாதுகாப்புப் படிப்புகளில் எதில் பத்து வாக்கியம் ஒடியா சொல்லித் தருகிறார்கள்? நெபோஷ் எழுதிய நம் பையன் இங்கிலீஷில் தேர்வு எழுதுகிறான். துபாயில் போய் அரபி தெரியாமல், நேபாளிக்கும் பீகாரிக்கும் வங்கதேசத்துக்காரருக்கும் பாதுகாப்பு சொல்லப் போகிறான். இங்கே அவன் அப்பாவோடு வேலை செய்யும் நாற்பது பேரில் பாதிப் பேர் பீகாரிகளாம். “அப்பா சைகையிலயே பேசிக்குவாரு சார்” என்றான்.

சைகை. இருபது வருஷ அனுபவத்தில் அவராகக் கற்றுக்கொண்டது. அதற்குச் சான்றிதழ் கிடையாது.

*

குறை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போவது எனக்குப் பிடிக்காது. என்னைக் கேட்டால் நாலு காரியம் செய்யலாம்.

ஒன்று: பாதுகாப்பு அலுவலர்களுக்கு ஒரு கவுன்சில். பதிவேடு, பதிவு எண், தவறினால் விசாரணை. அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இருந்தால், மேம்பாலத் தூண் போஸ்டருக்கு மவுசு தானாகக் குறையும்.

இரண்டு: ஐந்து வருடத்துக்கு ஒரு புதுப்பித்தல். அதற்குப் புள்ளி மட்டும் போதாது. அவர் பயிற்சி கொடுத்த தொழிலாளர்களில் நாலு பேரைக் கூப்பிட்டு, அவர்கள் மொழியிலேயே, “இவர் உங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்?” என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் பதில்தான் அவருக்கு மார்க்.

மூன்று: வேலையை நிறுத்தச் சொன்னதற்காக அவரை வேலையை விட்டு அனுப்ப முடியாது என்ற பாதுகாப்பு. ஆடிட்டருக்குக் கொடுத்ததில் பாதியாவது கொடுங்கள்.

நான்கு: நம்பர் வராத இடங்களுக்கு, நூறு பட்டறைக்கு ஒருவர் என்று பொது அலுவலர். ஒவ்வொரு பட்டறைக்காரரும் மாதம் ஒரு சிறு தொகை போட்டால் ஒரு சம்பளம் வந்துவிடும். ஒரு தெருவுக்கே சேர்ந்து வாட்ச்மேன் வைக்கிறோம் இல்லையா? தரமணியில் படித்துவிட்டு வருகிற பையன்களுக்கு உள்ளூரிலேயே வேலையும் கிடைக்கும்.

*

ஏஜென்டின் காகிதங்கள் சரியாகத்தான் இருந்தன. அதைச் சொல்லிவிட்டுக் கிளம்பும் நேரத்தில் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தார். ரப்பர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, சொம்பில் தண்ணீர் குடித்தார்.

“எப்பா, பின்பக்கம் ஷட்டரை மறிச்சு டிரம் அடுக்கி வச்சிருக்காங்கன்னு சொன்னியே, நகர்த்திட்டாங்களா?” என்று கேட்டான் பையன். அவன் படித்ததிலேயே முதல் பாடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். வெளியே போகும் வழியை மறிக்காதே.

“எங்க நகர்த்துனாங்க?” என்றார் அவர். “நீ ஆபீஸராயிட்டு வந்து சொல்லு. அப்ப நகர்த்துவாங்க.”

பையன் சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தான். விமானம் அடுத்த வாரம்.